இரண்டு மைத்துனர்கள்

ஆர்த்துவா வாரிசு: வரலாற்றுத் தொடர், பகுதி 5

சென்ற வாரம் ரொபேரை 1318-இல் விட்டுவிட்டு வந்தோம். அத்தை மஹோவிடம் இரண்டாவது முறையாக வழக்கில் தோற்று, அரசரின் தீர்ப்புக்குத் தலைகுனிந்து நின்ற இடத்தில்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சின் வடக்கே, ஃபிளாண்டர்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்த்துவா. அராஸ், சேன்ட்-ஓமேர் போன்ற செல்வ நகரங்கள் கொண்ட மண். புனித லூயி மன்னர் தன் தம்பிக்குக் கொடுத்த பிரபுத்துவம். அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரன்தான் நம் கதாநாயகன் மூன்றாம் ரொபேர்.

இந்தக் குடும்பத்து ஆண்கள் படுக்கையில் சாவதில்லை. கொள்ளுத்தாத்தா 1250-இல் எகிப்தின் மன்சூராவில் சிலுவைப் போரில் விழுந்தார். தந்தை ஃபிலிப் 1297-இல் ஃபுர்ன் போரில் பட்ட காயத்தால் அடுத்த ஆண்டு இறந்தார். தாத்தா இரண்டாம் ரொபேரை 1302 ஜூலை 11 அன்று கூர்த்ரே களத்தில் ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களும் கைவினைஞர்களும் வெட்டிச் சாய்த்தார்கள்.

மிஞ்சியவர்கள் இருவர். இறந்த மகனின் பையன், 15 வயது ரொபேர். உயிரோடு இருக்கும் மகள் மஹோ.

ஆர்த்துவாவின் வழக்காறு இந்த இடத்தில் கறாரானது. தகப்பனுக்கு முன்பே மகன் இறந்துவிட்டால், அவனுடைய இடத்தில் அவன் பிள்ளை நின்று பங்கு கேட்க முடியாது. பேரனைவிட மகள் ஒரு படி நெருக்கம். ஆகவே சொத்து மகளுக்கு.

அத்தை பிரபுவானார். உடன்பிறந்தவரின் மகன் வெறுங்கையோடு நின்றான்.

* * *

வழக்காறு தன் பக்கம் இருந்ததால் மட்டும்தான் மஹோ ஜெயித்தாரா? எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. தீர்ப்பு சொன்னவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் தீர்ப்பு 1309-இல். நீதி வழங்கியவர் நான்காம் ஃபிலிப் மன்னர். மஹோவின் மூத்த மகள் ழான் 1307-இலும் இளையவள் பிளான்ஷ் 1308-இலும் அவருடைய இரண்டு மகன்களுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். அதாவது, வழக்காடியவர் நீதிபதியின் சம்பந்தி.

இரண்டாவது தீர்ப்பு 1318-இல். அதற்குள் மூத்த மாப்பிள்ளை ஐந்தாம் ஃபிலிப் என்ற பெயரில் அரியணை ஏறியிருந்தார். மஹோவின் ஒரே மகன் இறந்துபோனதால் ஆர்த்துவாவின் அடுத்த வாரிசு அந்த மூத்த மகள்தான். மாமியார் ஜெயித்தால் சொத்து நாளை ராணிக்கு வரும். அந்த நிலையில் மருமகன் தீர்ப்பெழுதினார்.

இதில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே ஐந்தாம் ஃபிலிப், அண்ணன் மகளை ஒதுக்கிவிட்டு 1317 ஜனவரியில் முடிசூடிக்கொண்டவர். பிரான்சின் மணிமுடி பெண்ணுக்குப் போகக்கூடாது என்ற வாதம் அவருக்காகவே வலுப்பெற்றது. அந்த முடிசூட்டு விழாவில், ஆர்த்துவா பிரபு என்ற உரிமையில், மற்ற பெரும் பிரபுக்களோடு சேர்ந்து மணிமுடியைத் தாங்கிப் பிடித்த கை மஹோவுடையது. பெண்ணுக்கு நாடு கிடையாது, ஆனால் ஆர்த்துவா உண்டு.

31 வயதில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ரொபேரின் மனம் எப்படிக் கொதித்திருக்கும்!

1322-இல் ஐந்தாம் ஃபிலிப்பும் போய், தம்பி நான்காம் சார்லஸ் வந்தார். அவரும் மஹோவின் மாப்பிள்ளைதான். ஆனால் மனைவி பிளான்ஷ் 1314 முதல் கள்ளக்காதல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தாள். அரியணை ஏறிய அதே ஆண்டில் அந்தத் திருமணம் செல்லாது என்று போப்பாண்டவரிடம் தீர்ப்பு வாங்கினார் சார்லஸ். சொன்ன காரணம், மஹோ அவருக்கு ஞானத்தாய். ஞானத்தாயின் மகள் சகோதரி முறை, கட்டக்கூடாது! 14 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத முறை, தேவைப்பட்டபோது பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் காலத்து பிரான்சில் உறவுமுறை என்பது ரத்தத்தில் மட்டும் ஓடியதல்ல. வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது பெட்டியில் பூட்டி வைக்கும் ஆவணம் அது. ரொபேர் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

* * *

1318-இல் தோற்ற ரொபேர், அதே ஆண்டில் ஒரு கல்யாணமும் செய்துகொண்டார். பெண் ழான், நான்காம் ஃபிலிப்பின் தம்பி வாலுவா சார்லஸின் மகள். (இந்தத் தொடரில் ழான் என்ற பெயரில் வரும் பெண்கள் அதிகம். குழப்பம் வராமலிருக்க இனி ஒவ்வொருவரையும் உறவு சொல்லியே குறிப்பிடுகிறேன்.)

அப்போது அது இளவரசர் வீட்டுச் சம்பந்தம், அவ்வளவுதான். வாலுவா குடும்பம் அரியணைக்கு எத்தனையோ படி தள்ளி நின்றது.

பத்தே ஆண்டுகளில் அந்தப் படிகள் எல்லாம் காலியாயின.

1328 பிப்ரவரி 1. நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் கண்மூடினார். ராணி கர்ப்பமாக இருந்தார். நாடே இரண்டு மாதம் காத்திருந்தது. ஏப்ரல் 1 அன்று குழந்தை பிறந்தது. பெண்.

இனி யாருக்கு முடி? தங்கை மகனுக்கா, சித்தப்பா மகனுக்கா?

தங்கை மகன், இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட். 15 வயது. அவருடைய தாய் இசபெல், செத்த மன்னரின் உடன்பிறந்தவர். சித்தப்பா மகன், வாலுவா ஃபிலிப். 35 வயது. ரொபேரின் மனைவிக்கு அண்ணன், தாய் வேறாக இருந்தாலும் தந்தை ஒருவரே.

பிரபுக்கள் கூடிப் பேசியபோது ரொபேர் தன் மைத்துனருக்காக முழு மூச்சாக நின்றார். பெண்ணுக்கு இல்லாத உரிமையைப் பெண் வழியாக மகன் எப்படிக் கேட்க முடியும் என்ற வாதம் வென்றது. மே மாதம் ரேம்ஸ் பேராலயத்தில் வாலுவா ஃபிலிப், ஆறாம் ஃபிலிப்பாக முடிசூடினார்.

அந்த நாளில் அரசரின் செவிக்கு ரொபேரைவிட நெருக்கமானவர் எவருமில்லை. 1329-இல் நார்மண்டியில் அவருக்கு இருந்த போமோன்-லெ-ரொழே பிரபுத்துவம் பெரும் பிரபுக்களின் வரிசைக்கு உயர்த்தப்பட்டது.

அத்தையின் சம்பந்தி நீதிபதியாக இருந்தார், ரொபேர் தோற்றார். அத்தையின் மருமகன் நீதிபதியாக இருந்தார், மறுபடியும் தோற்றார் ரொபேர். இப்போது நீதிபதி தன் சொந்த மைத்துனர். ஆண் வழிதான் வழி என்ற வாதத்தால் மணிமுடி பெற்றவர். இந்த முறை தோற்பதற்கு வழியே இல்லை என்று ரொபேர் நம்பியதில் வியப்பில்லை. ஆர்த்துவா வழக்கை மீண்டும் திறக்கும்படி 1329-இல் அரசரிடம் கேட்டார். அரசரும் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

ஒன்றை மட்டும் ரொபேர் கணக்கில் சேர்க்கவில்லை. அரசருக்கு இன்னொரு மைத்துனர் இருந்தார்.

* * *

மைத்துனர் என்ற சொல் பொல்லாத சொல். அக்கா தங்கையைக் கட்டியவரும் மைத்துனர், மனைவியோடு பிறந்தவரும் மைத்துனர். பிரெஞ்சு மொழியிலும் இருவருக்கும் ஒரே சொல்தான். சொல் ஒன்றாக இருக்கலாம், வீட்டுக்குள் எடை ஒன்றல்ல. தங்கையின் கணவர் விருந்துக்கு வந்து போகிறவர். மனைவியின் உடன்பிறப்புக்காகப் பேச, மனைவி தினமும் அருகிலேயே இருக்கிறாள்.

ஆறாம் ஃபிலிப்பின் ராணி, பர்கண்டி கோமகன் நான்காம் ஓடோவின் சகோதரி. கணவர் போருக்குப் போகும்போது ஆட்சியைக் கவனிக்கும் அளவுக்குத் திறமையும் பிடிவாதமும் கொண்டவர்.

ஓடோவின் மனைவி யார்? மஹோவின் பேத்தி. ஐந்தாம் ஃபிலிப்புக்கும் மஹோவின் மூத்த மகளுக்கும் பிறந்த பெண்.

கோட்டை இழுத்துப் பாருங்கள். மஹோவுக்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி. பேத்தி ஆர்த்துவாவைப் பெற்றால் அதை ஆளப்போவது ஓடோ. ஓடோ ராணியின் உடன்பிறப்பு. ரொபேர் இத்தனை நாள் எதிர்த்தது அத்தையை. இனி எதிர்க்க வேண்டியது அரசரின் அந்தப்புரத்தை.

அந்த நாள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. 1329 நவம்பர் 27 அன்று மஹோ இறந்தார். ஆர்த்துவா அவர் மகளுக்கு, விதவை ராணிக்கு வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1330 ஜனவரியில் மகளும் இறந்தார். விஷம் என்று ஊர் பேசியது. சந்தேகப்படும் ஊருக்கு ரொபேரின் பெயர் சுலபமாக வாயில் வந்தது. சான்று எதுவும் கிடையாது. ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை.

ஆர்த்துவா இப்போது ஓடோவின் மனைவி கையில்.

* * *

இங்கே ஒரு புதிய பெண் கதைக்குள் வருகிறாள். ழான் த திவியோன். ஆர்த்துவாவைச் சேர்ந்தவள். அராஸ் ஆயர் தியெர்ரி திரெசோனோடு நெருக்கமாக வாழ்ந்தவள்.

தியெர்ரி சாதாரண ஆயர் அல்ல. மஹோவின் வலது கை. ஆர்த்துவாவின் கணக்கு, கடிதம், ரகசியம் எல்லாம் பல ஆண்டுகள் அவர் வழியாகவே போய்வந்தன. 1328-இல் அவர் இறந்தார். அவரிடமிருந்து தனக்கு வரவேண்டியது வராமல் போனதற்கு மஹோதான் காரணம் என்று திவியோன் மனம் கசந்திருந்தாள்.

மஹோவை வெறுக்கும் பெண். மஹோவின் ரகசியம் அறிந்தவரோடு வாழ்ந்தவள். ரொபேர் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காமல் இருக்குமா?

ரொபேரின் வாதம் வெகுநாளாக இதுதான்: தன் பெற்றோர் திருமணத்தின்போது தாத்தா ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஆர்த்துவா ஃபிலிப்புக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான் என்று அதில் உறுதி கொடுத்தார். அந்தக் கடிதங்களை மஹோவும் தியெர்ரியும் ஒளித்துவிட்டார்கள்.

அப்படிக் கடிதம் உண்மையிலேயே இருந்திருந்தால் வழக்காறு அடிபட்டுப் போகும். தாத்தாவே எழுதிக் கொடுத்த உறுதி அதற்கு மேல் நிற்கும்.

இப்போது, ஏறத்தாழ 30 ஆண்டுக்குப் பிறகு, அந்தக் கடிதங்கள் "கிடைத்தன."

* * *

அந்த நூற்றாண்டில் ஒரு பத்திரத்தின் உயிர் கையெழுத்தில் இல்லை, முத்திரையில் இருந்தது. தோலில் எழுத்தர் யாரோ எழுதுவார். பிரபு அதைப் படிக்கத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். அடியில் தோல்வாரிலோ பட்டுக் கயிற்றிலோ தொங்கும் மெழுகு வட்டம்தான் "இது நான் சொன்னது" என்று பேசும்.

ஆகவே பொய்ப் பத்திரம் எழுதுபவருக்கு எழுத்து பெரிய பாடில்லை. உண்மையான முத்திரை வேண்டும். அதற்கு வழி, செத்துப்போன பிரபுவின் பழைய பத்திரம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. சூடேற்றிய கத்தியால் மெழுகை அலுங்காமல் பிரிப்பது. புதிய தோலில் ஒட்டுவது.

திவியோனும் அவள் சேர்த்த ஆட்களும் செய்தது இதைத்தான். தாத்தா இரண்டாம் ரொபேரின் பெயரில் கடிதம். அதை உறுதிசெய்யும் அரசர் கடிதம். கடிதங்களை மறைத்ததற்காக மனம் வருந்தும் ஆயர் தியெர்ரியின் வாக்குமூலம். எல்லாருமே இறந்தவர்கள். எழுந்து வந்து இல்லை என்று சொல்ல ஒருவருமில்லை.

ரொபேருக்குத் தெரியுமா? தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பதே என் முடிவு. ஆனால் அவரை வெறும் மோசடிக்காரராகவும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ஒப்பந்தம் ஒருகாலத்தில் நிஜமாக இருந்தது என்று அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். திருடுபோன தன் பொருளுக்கு மாற்று செய்து வைப்பதாகத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். சிறுவயதிலிருந்து ஒரே அநியாயத்தை நினைத்து வளர்ந்தவருக்கு, மெய் எங்கே முடிகிறது, வேண்டுதல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கிப்போகும்.

* * *

1330 டிசம்பர். கடிதங்கள் அரசர் முன்னால் வைக்கப்பட்டன.

ஆறாம் ஃபிலிப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம், தன்னை அரசராக்கப் பாடுபட்டவர், தங்கை கணவர். மறுபக்கம், மனைவியின் உடன்பிறப்பு. கடிதம் மெய்யானால் ஒரு மைத்துனர் போவார். பொய்யானால் மற்றவர் போவார்.

பர்கண்டித் தரப்பு சும்மா இருக்கவில்லை. திவியோன் பிடிபட்டாள். எழுத உதவியவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டார்கள். ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் வாயும் திறந்தது. திவியோன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். யார் எழுதினார், முத்திரை எங்கிருந்து வந்தது, யார் கேட்டார்கள். விசாரணையில் ரொபேரின் மனைவி பெயரும் அடிபட்டது. அரசரின் தங்கை பெயர்.

ரொபேர் அந்தக் கடிதங்களை இனி பயன்படுத்தப்போவதில்லை என்று பின்வாங்கினார். பின்வாங்கியதே ஒப்புதலாக ஆகிவிட்டது. 1331 மார்ச்சில் பாரிஸின் பார்லமென்ட் நீதிமன்றம், கடிதங்கள் பொய் என்று அறிவித்தது.

இந்த ஒரு நாளில்தான் ரொபேரின் வாழ்க்கை முறிந்தது என்பேன். இதற்கு முன் இரண்டு முறை வழக்கில் தோற்றிருந்தார், ஆனால் அநியாயம் இழைக்கப்பட்டவராகத் தோற்றார். அவருக்காக இரங்க ஆள் இருந்தது. இப்போது, அவர் கேட்டது நியாயமா இல்லையா என்ற கேள்வியே செத்துவிட்டது. அத்தையால் 27 ஆண்டுகள் முயன்றும் செய்ய முடியாததை அந்த மெழுகு வட்டம் செய்து முடித்தது.

1331 அக்டோபர் 6 அன்று பாரிஸில் ழான் த திவியோனை எரித்தார்கள்.

ரொபேர் அப்போது பாரிஸில் இல்லை. எல்லை தாண்டியிருந்தார்.

* * *

பெரும் பிரபு என்பதால் அவரை மற்ற பெரும் பிரபுக்களே விசாரிக்க வேண்டும். வந்து பதில் சொல் என்று மீண்டும் மீண்டும் அழைப்பு போனது. அவர் வரவில்லை. 1332 ஏப்ரலில் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. போமோன் உட்பட எல்லாம் பறிமுதல்.

போகும் வழியெல்லாம் உறவுகளைத்தான் தட்டினார். பிரபான்ட் கோமகன் இடம் கொடுத்தார். ஆனால் பிரெஞ்சு அரசரின் நெருக்குதல் வர வர, அந்த விருந்தோம்பல் மெலிந்தது. இதற்கிடையில், மெழுகு பொம்மை செய்து மந்திரத்தால் ராணியையும் இளவரசனையும் கொல்லப் பார்த்தார் என்ற புதிய குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1334-இல் ஆறாம் ஃபிலிப் தன் தங்கையையும் அவள் பிள்ளைகளையும் சிறையில் அடைத்தார். ரொபேரின் மனைவி. ரொபேரின் மகன்கள்.

வாலுவா என்ற கயிறு அறுந்தது. பிரான்சில் பிடித்துக்கொள்ள இனி எதுவுமில்லை.

அப்போதுதான் அவர் கண் கடலுக்கு அக்கரையில் விழுந்திருக்க வேண்டும். அங்கே என்னென்ன உறவு மிச்சமிருந்தது என்று நாமும் எண்ணிப் பார்ப்போம்.

தாத்தாவின் அக்கா, ஆர்த்துவா பிளான்ஷ். முதல் கணவர் நவார் மன்னர் இறந்தபின், இங்கிலாந்து மன்னரின் தம்பி எட்மண்டை மணந்தவர். லங்காஸ்டர் பிரபு ஹென்றி அவர் பெற்ற பிள்ளை. அதாவது ரொபேரின் தகப்பனாருக்கு அத்தை மகன். மூன்றாம் எட்வர்ட் சிறுவனாக முடிசூடியபோது ஆட்சிக் குழுவின் தலைமையில் இருந்தவர்.

அதே பிளான்ஷ், முதல் திருமணத்தில் பெற்ற மகள் வழியாக இசபெல்லுக்குப் பாட்டி. எட்வர்டுக்குக் கொள்ளுப்பாட்டி. இங்கிலாந்து அரசரின் உடலில் ஆர்த்துவா ரத்தம் ஓடுகிறது.

போதாதென்று, எட்வர்டின் ராணி ஃபிலிப்பா எனோ நாட்டுப் பெண். அவள் தாய், வாலுவா சார்லஸின் இன்னொரு மகள். சிறையில் கிடக்கும் ரொபேரின் மனைவி ஃபிலிப்பாவுக்குச் சித்தி. ரொபேர் சித்தப்பா.

கதவைத் தட்ட இத்தனை கைகள். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதையும் மறக்கக்கூடாது. 1328-இல் பிரான்சின் மணிமுடியைத் தாய் வழியாகக் கேட்டு, கிடைக்காமல் போனவர். 1329 ஜூனில் அமியேன் நகரத்தில் ஆறாம் ஃபிலிப்பின் முன் வந்து, தன் பிரெஞ்சு நிலங்களுக்காக அவருக்கு விசுவாசம் சொல்ல நேர்ந்தவர். பெண் வழி செல்லாது என்று ஃபிலிப்புக்காக மற்றவர்களைவிட உரக்கப் பேசியவர்களில் ஒருவர், இதோ இப்போது கடற்கரையில் நிற்கும் இந்த நாடோடி.

தன் மணிமுடியைத் தட்டிவிட்ட கையை எட்வர்ட் பிடித்துத் தூக்குவாரா? தூக்கினால், அந்த விருந்தாளி எட்வர்டின் காதில் முதலில் சொல்லப்போவது என்ன?

(அடுத்த வாரம்)